ஆடுவோர் வேண்டுவன: கொட்டியாரக் களமும் கணினித் திரையும்

உவகை தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எடுத்தோதிய நான்கனுள் விளையாட்டும் ஒன்றாகும். செல்வம், அறிவு, காதற்கூட்டம் என்பவற்றோடு ஒப்ப அதனை வைத்தெண்ணிய பெருமை நோக்கத்தக்கது. எனினும், ஆடுவோர் தம் ஆட்டத்திடம் வேண்டுவன யாவை, அவ்வேண்டுகோளை நிறைவேற்றும் உரிமை எவரிடம் இருந்தது என்னும் வினாக்களை நம் வரலாற்றாசிரியர் பெரிதும் ஆராய்ந்திலர். இக்காலத்துக் கணினி விளையாட்டுக்களை ஆடுவோர் எழுப்பும் குறைகளைக் கேட்குமிடத்து அவ்வினாக்கள் மீண்டும் எழுகின்றன.

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையிலே சம்பூர் அமைந்துள்ளது. இக்குடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலினின்றும் 1660 இல் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டவர் றொபேட் நொக்ஸ். 1679 இல் தப்பியோடிய அவர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், மலைநாட்டில் தாம் கண்ட ஒரு விளையாட்டை விரித்துரைத்துள்ளார். முழங்கைபோல் வளைந்த இரு கோல்களை ஒன்றோடொன்று கொளுவி, இரு கட்சியினர் எதிரெதிரே இழுப்பர். ஒரு கோல் முறியும். தெய்வ வழிபாடாகவே அது நிகழ்ந்தது. நாட்டின் நோய் நீங்கும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. 

கொட்டியாரப் பற்றுக்குத் தெற்கே, வெருகலாற்றுக்கு அப்பாலுள்ள மட்டக்களப்பு நாட்டில் இதுவே கொம்புமுறி எனப் பெயர்பெற்றது. கோவலனுக்குரியது வடசேரி, கண்ணகிக்குரியது தென்சேரி என ஊரவர் இரு பாலாகப் பிரிவர். ஒருவன் எப்பக்கத்தான் என்பது குடிவழியால் அமைவது. ஆதலின் வல்லவன் மெலியவன் என்ற பேதமின்றி யாவர்க்கும் களத்தில் இடமுண்டு. அன்றியும், எக்கொம்பு முறியினும் பயன் ஊர் முழுவதற்கும் உரியது. தோற்றவனும் பயன் பெறும் ஆட்டங்கள் உலகில் மிகச் சிலவே.

சிறுவர் ஆட்டங்களிலோ விதிகளே அவர்தம் கையில் இருந்தன. கிளித்தட்டுக்கு வேண்டுவது நிலமும் அதிற் கீறிய கோடுகளுமே. ஆட்கள் குறையின் தட்டுக்களைக் குறைப்பர், கூடின் கூட்டுவர். சிறு குழந்தை தன்னையும் சேர்க்குமாறு அழுதால் அதனை 'ஒப்புக்குச் சப்பாணி' ஆக்கிக்கொள்ளும் வழக்கம் தமிழ்ச் சிறாரிடை உண்டு. அக்குழந்தை ஓடும், ஆடும், மகிழும். பிடிபட்டால் அது கணக்கில் வராது. ஆடுவோரின் ஆற்றலுக்கேற்ப ஆட்டத்தின் கடுமையை மாற்றும் ஏற்பாடு வேண்டும் என இக்காலத்தார் கோரிநிற்பதைச் சிற்றூர்ச் சிறார் எவரையும் கேளாமலே செய்துகொண்டனர்.

கணினி விளையாட்டும் தொடக்கத்தில் இவ்வியல்பினதாகவே இருந்தது என்பது வியப்புக்குரியது. 1962 இல், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில், ஸ்டீவ் றசலும் அவர்தம் தோழரும் பிடிபி-1 என்னும் கணினியில் 'ஸ்பேஸ்வோர்' என்ற விண்கலப் போர் விளையாட்டை ஆக்கினர். இருவர் அருகருகே அமர்ந்து ஆடும் ஆட்டம் அது. திரையிலுள்ள விண்மீன்கள் உண்மை வானத்தை ஒத்திருக்க வேண்டுமெனப் பீற்றர் சாம்சன் விரும்பினார்; தாமே அவ்வாறு நிரல் எழுதிச் சேர்த்தார். நடுவண் ஞாயிற்றுக்கு ஈர்ப்பு விசை வேண்டுமென எண்ணிய டான் எட்வர்ட்ஸ் அதனைச் சேர்த்தார். ஆடியவரும் ஆக்கியவரும் ஒருவரே. கிளித்தட்டுக் கோட்டை அழித்துக் கீறியதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

1972 இல் அற்றாரி நிறுவனம் 'பொங்' என்னும் ஆட்டத்தை நாணயமிட்டு ஆடும் பொறியாக வெளியிட்டது. ஆக்குவோர் வேறு, ஆடுவோர் வேறு என்னும் பிரிவு இத்தகைய வணிகத்தால் வலுப்பெற்றது. அன்றுதொட்டு ஆடுவோரின் விருப்பம் விண்ணப்பமாயிற்று. சில விண்ணப்பங்கள் செவிசாய்க்கப்பட்டன. விட்ட இடத்தினின்றும் ஆட்டத்தைத் தொடரும் வசதி, 1986 இல் யப்பானில் வெளிவந்த 'செல்டா' முதலியவற்றால் பரவியது. உடற்குறை உடையோர்க்கென அமைத்த இயக்குகருவியை மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 2018 இல் வெளியிட்டது. அருகருகே இருந்து ஆடும் ஆட்டங்கள் அருகிவிட்டன என வருந்தியோர், இருவர் சேர்ந்தாலன்றி ஆடமுடியாத 'இற் ரேக்ஸ் ரூ' 2021 இல் வந்தபோது அதனைக் கொண்டாடினர்.

இவற்றினும் மேலானது மாற்றும் உரிமை. 1993 இல் வெளிவந்த 'டூம்' ஆட்டத்தில், ஆடுவோர் தாமே புதிய களங்களை அமைத்துச் சேர்க்க இடமளிக்கப்பட்டது. 'ஹாஃப்-லைஃப்' என்னும் ஆட்டத்தை மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் 1999 இல் மாற்றியமைத்த 'கவுன்ரர்-ஸ்ரைக்' பெரும்புகழ் எய்தியதால், மூல ஆட்டத்தை ஆக்கிய நிறுவனமே அடுத்த ஆண்டு அதனைத் தன் வெளியீடாக்கிக்கொண்டது. ஆடுவோர் கையில் ஆட்டத்தை ஒப்படைத்ததால் வணிகர்க்கு இழப்பு நேர்ந்திலது என்பதற்கு இது தக்க சான்று.

இனி, ஆட்டத்தின் நிலைபேறு பற்றிய வேண்டுகோள் ஒன்றுளது. இதனை விளங்கிக்கொள்ளச் சம்பூரின் அண்மைக்கால வரலாறு துணைபுரியும். 2006 ஆம் ஆண்டுப் போரின்போது சம்பூர் மக்கள் அனைவரும் ஊரைவிட்டு நீங்கினர். அவர்தம் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அனல்மின் நிலையத்துக்கும் கடற்படை முகாமுக்கும் அதிற் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே காணிகள் படிப்படியாக மீண்டன. முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவ்வூர் பெரியோர் வாய்ச்சொல்லாகவே இருந்தது. இத்தகைய இடப்பெயர்விலும் கிளித்தட்டு உயிர்வாழ வல்லது. முகாம் முற்றத்துப் புழுதியிலும் கோடு கீறலாம். கோயிலும் இரு சேரியும் குடிமரபும் வேண்டும் கொம்புமுறி போன்ற ஆட்டமோ, ஊர் கலைந்தால் உடன் கலையும். ஆயினும் அதனை அறிந்தோர் மீளக் கூடின் மீண்டும் நிகழ்த்தல் கூடும்.

யூபிசொஃப்ற் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட 'த குறூ' என்னும் வாகன ஓட்ட ஆட்டத்துக்கு இவ்விரு வழியும் இல்லை. நிறுவனத்தின் மையக் கணினியோடு இணைந்தாலன்றி அது இயங்காது. 2024 மார்ச் இறுதியில் அக்கணினி நிறுத்தப்பட்டது. பணங்கொடுத்து வாங்கியோர் கையில் இருந்தது வெறுந் தட்டே. இதனால் எழுந்த இயக்கத்தின் விண்ணப்பத்தில், 2025 இல், ஐரோப்பிய ஒன்றிய நாட்டினர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். செலவும் பாதுகாப்பும் கருதி இது எளிதன்று என ஆக்குவோர் சங்கம் மறுமொழி கூறியது. அம்மறுப்பு முற்றும் பொருளற்றதன்று. ஆனால், நிறுவனம் என்றென்றும் ஆட்டத்தை நடத்தவேண்டும் என அவர்கள் கேட்டிலர். கைவிடும்போது, தாமே தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் அதனை விட்டுச்செல்லுமாறே கேட்டனர்.