யார் கொடுப்பார்? - குருத்தணு மாற்றுச் சிகிச்சையின் வரலாறு

ஃபேரர் பார்க்கிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ளது கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. முந்தைய தலைமுறையினர் அதைக் 'கண்டாங் கெர்பாவ்' என்றே அழைத்தனர். மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்தனர். 1997இல் புதிய கட்டடத்துக்கு மாறியபின் அது சிறார்க்கும் உரிய மருத்துவமனையாயிற்று. புற்றுநோயுற்ற சிறார்க்கும் அங்கே சிகிச்சை அளிக்கப்படுகிறது.

நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமா, குழந்தைகளிடம் பெரும்பாலும் கீமோதெரபியிலேயே குணமாகிவிடும். மருந்துக்கு அடங்காமலோ, அடங்கி மீண்டும் தலைதூக்கினாலோதான் 'குருத்தணு மாற்று' என்ற சொல் பெற்றோர் காதில் விழுகிறது. உடனே எழும் வினா, "யார் கொடுப்பார்?" என்பதே. பல வேளைகளில், குறிப்பாக ஹாட்ஜ்கின் வகையில், அந்தக் குழந்தையே கொடுக்கும்!

மருத்துவ உலகம் இந்த விடையை அடைய இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1957இல் அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் பிறர் மஜ்ஜையை நோயாளிகளுக்குச் செலுத்தினார். எவரும் நீண்டநாள் பிழைக்கவில்லை. மறு ஆண்டு பிரான்சின் ழான் தோசே, திசுப் பொருத்தத்தின் முதல் அடையாளத்தைக் கண்டறிந்தார். 1968இல் மினசோட்டாவில் ராபர்ட் குட், நோய் எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த ஆண் குழந்தைக்கு அதன் அக்காளின் மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையே பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

லிம்போமாவின் கணக்கு வேறு. புற்றணுக்களை அழிக்க மருந்தின் அளவைக் கூட்டினால் மஜ்ஜை அழிந்துவிடும். அதுவே மருத்துவரின் கையைக் கட்டிப்போட்டது. அப்படியானால் குழந்தையின் குருத்தணுக்களை முன்கூட்டியே எடுத்து உறைய வைத்துவிட்டு, கடும் மருந்தைக் கொடுத்தபின் திருப்பிச் செலுத்தினால் என்ன? 1970களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழக மருத்துவர்கள் இதைச் செய்து பார்த்தனர். மீண்டும் வந்த பர்கிட் லிம்போமாவில் நோய் நீங்கியவர்களைப் பற்றி 1978இல் எழுதினர். இங்கே நோயை அழிப்பது மருந்துதான். குருத்தணு, அதன்பின் உயிரை மீட்கிறது. அணுக்கள் உடலில் ஏறும்போது, அவற்றைக் காக்கச் சேர்த்த திரவத்தால் அறை முழுதும் பூண்டு வாடை வீசும். இதை முன்பே அறிந்திருந்தால் பெற்றோர் பதறமாட்டார்கள்.

1995இல் வெளியான 'பார்மா' ஆய்வு இம்முறையை நிலைநாட்டியது. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாதிருந்தோர் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் 46 விழுக்காடு. பெறாதவர்களில் 12 விழுக்காடு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 18 முதல் 60 வயதினர்! சிறார் மருத்துவம் பெரியவர்களின் சான்றைக் கடன் வாங்கியே நெடுங்காலம் நடந்தது. இக்குறையைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது என் எண்ணம்.

தன் அணு போதாத நிலையும் உண்டு. லிம்போபிளாஸ்டிக் வகை திரும்பினால் பிறர் அணுவே நாடப்படுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் மருத்துவர் சுரேஷ் அத்வானி 1983இல் ரத்தப் புற்றுநோயுற்ற ஒன்பது வயதுச் சிறுமிக்கு, அவள் சகோதரனின் மஜ்ஜையைச் செலுத்தினார். வேலூர் சி.எம்.சி. 1986இல் தொடங்கியது. சிங்கப்பூரில் முதல் மாற்று 1985இல். கொடையாளர் பதிவேடு 1993இல். திசு அடையாளம் மரபுவழி வருவதால், தமிழ்க் குழந்தைக்குப் பொருந்துபவர் தமிழரிடையே கிடைக்கும் வாய்ப்பே அதிகம். முதுகெலும்பைத் துளைப்பார்கள் என்று நம்மவர் அஞ்சுகின்றனர். எடுப்பது இடுப்பெலும்பிலிருந்து, அல்லது ரத்ததானம் போலக் கை நரம்பிலிருந்து.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. மாற்றுச் சிகிச்சைக்குப்பின் பழைய தடுப்பூசிகளின் பலன் குறைந்துவிடுவதால் மீண்டும் போடவேண்டும். தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பொதுவாக இரண்டாண்டு காத்திருக்கவேண்டும். அத்தகைய மாணவர் வகுப்பில் இருக்கும்போது எவருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால், அன்றே அம்மாணவரின் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.