காரைக்காலில் நஞ்சை நிலத்தில் வீடும் மனைப்பிரிவும்: விவசாயிகள் அறிய வேண்டியவை

காவிரியின் கடைமடையான காரைக்காலில் ஊரை ஒட்டிய நஞ்சை நிலங்களுக்கு மனை விலை பேசப்படுகிறது. குடும்பம் பெருகும்போது கிராமத்துக்குப் புது வீடுகள் தேவைதான். ஆனால் வயலுக்கு நடுவே மனைப்பிரிவு வந்தால், நிலத்தை விற்காத விவசாயியின் சாகுபடியும் பாதிக்கப்படும். எனவே சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதை இரு தரப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரைக்கால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா?

டெல்டா முழுவதும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று பலர் நினைக்கின்றனர். தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020இல் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதில் அடங்கும். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது என்பதால் அச்சட்டம் இங்கு பொருந்தாது.

அந்தச் சட்டம் தடுப்பதும் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் போன்றவற்றையே. வீட்டு மனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆகவே வரப்புக்கு அந்தப் பக்கம் உள்ள தமிழக விவசாயியும் மனைப்பிரிவைத் தடுக்க அந்தச் சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இங்கு எந்தச் சட்டம்?

காரைக்காலில் நிலப் பயன்பாட்டை முறைப்படுத்துவது 1969ஆம் ஆண்டின் புதுச்சேரி நகர மற்றும் கிராம அமைப்புச் சட்டம். திட்டப் பகுதிக்குள் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றவும், மனை பிரிக்கவும், கட்டடம் எழுப்பவும் முன் அனுமதி தேவை. பத்திரப் பதிவும் பட்டா மாற்றமும் நிலத்தின் உரிமைக்கான ஆவணங்கள் மட்டுமே. அவை வீடு கட்டும் அனுமதி ஆகாது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கு முன் விளம்பரம் செய்வதோ விற்பதோ கூடாது. கடலோரக் கிராமங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்து பொருந்தும்.

கேரளம் தரும் முன்மாதிரி

வயலையும் காத்து, ஊர்க்காரருக்கு வீட்டுக்கும் வழி விடுவது எப்படி? கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் (2008) நெல்வயலை மாற்றுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. வயல் உரிமையாளர் தான் குடியிருக்க வீடு கட்டுவதற்கு மட்டும் வரம்புடன் விலக்கு தருகிறது:

• பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சிப் பகுதியில் 5 சென்ட் வரை மட்டுமே.
• வீடு கட்ட ஏற்ற வேறு நிலம் அவருக்கு இருக்கக் கூடாது.
• சுற்றிலும் நெல்வயல் உள்ள நடுநிலமாக இருக்கக் கூடாது.
• பக்கத்து வயல் சாகுபடி பாதிக்கப்படக் கூடாது.

வேளாண் அலுவலர், கிராம அலுவலர், நெல் விவசாயிகளின் பிரதிநிதிகள் அடங்கிய உள்ளூர்க் குழு முதலில் பரிந்துரைக்க வேண்டும். இச்சட்டமும் காரைக்காலுக்குப் பொருந்தாது. ஆனாலும் கிராமத்தில் பேசி முடிவெடுக்கவும், அரசிடம் கோரிக்கை வைக்கவும் இந்த நான்கு நிபந்தனைகள் நல்ல அளவுகோல். வீடு ஊரின் ஓரத்தில், நத்தத்தை ஒட்டி அமைந்தால் வயல்வெளி துண்டாகாது.

நடு வயலில் மனை வந்தால்

கடைமடையில் நிலச்சரிவு மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழை நீர் மெதுவாகத்தான் வடியும். மனைக்காக மண் கொட்டி மேடாக்கினால் அந்த நீர் பக்கத்து வயலில் தேங்கும். இளம் சம்பா, தாளடிப் பயிர் தொடர்ந்து சில நாள் மூழ்கினால் தூர் குறையும், பயிர் அழுகும். வாய்க்காலை மூடினால் அதற்குக் கீழே உள்ள வயல்களுக்குப் பாசனமும் இல்லை, வடிகாலும் இல்லை. கழிவுநீர் வாய்க்காலில் கலக்கும். கடலோரத்தில் வீடுதோறும் ஆழ்துளைக் கிணறு போட்டு அதிகமாக இறைத்தால் நிலத்தடியில் உப்புநீர் உள்ளே ஏறும். கிராவல் கொட்டிய நஞ்சையை மீண்டும் நெல்வயலாக்குவது மிகவும் கடினம்.

விற்பவர் கவனத்துக்கு

1. மொத்த நிலத்துக்கும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டாம். அது மனை போடுபவருக்கு உங்கள் பெயரில் விற்கும் அதிகாரத்தைத் தரும்.
2. "அனுமதி பிறகு வரும்" என்ற வாய்மொழியை நம்பாமல் எழுத்துப்பூர்வ ஆணையைப் பார்க்கவும்.
3. ரீசர்வே எண், எல்லை, வண்டிப்பாதை, வாய்க்கால் ஆகியவற்றை நில அளவை வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்.
4. குடும்பத்துக்கு வீடு தேவையென்றால் ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தை முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகு விற்பனை பற்றி யோசிக்கவும்.

பக்கத்து வயல்காரர் கவனத்துக்கு

1. மனைக்கல் நட்டதைக் கண்டவுடன் அனுமதி உள்ளதா என்று நகர அமைப்பு அலுவலகத்தில் கேட்கவும். தகவல் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம்.
2. வாய்க்கால், மதகு, வடிகால் ஆகியவற்றை மழைக்கு முன்பே தேதியுடன் படம் எடுத்து வைக்கவும்.
3. வாய்க்கால் மூடப்பட்டால் பொதுப்பணித் துறை நீர்ப்பாசனப் பிரிவு, கொம்யூன் பஞ்சாயத்து, மாவட்ட ஆட்சியர் ஆகியோருக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறவும்.
4. ஒரே வாய்க்காலில் பாயும் விவசாயிகள் அனைவரும் சேர்ந்து கையெழுத்திடவும். சாகுபடி பாதிப்பை உழவர் உதவியகத்திலும் தெரிவிக்கவும்.

மண் கொட்டுவதற்கு முன்பு தரும் மனுவுக்கே பலன் அதிகம். வீடுகள் எழுந்து மக்கள் குடியேறிய பிறகு வாய்க்காலை மீட்பது எளிதல்ல. எனவே சம்பா நடவுக்கு முன்பே உங்கள் பாசன வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைசி மடை வரை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.