பாக்டீரியாவின் 'பிரேக்'கை வைரஸ் முடக்குவது எப்படி?

புதுக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் காசநோய் மாத்திரையில் ரிஃபாம்பிசின் இருக்கும். மரபணுவை நகலெடுக்கும் 'ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்' நொதியை ஆரம்பத்திலேயே முடக்குவது அது.

அதே நொதிக்கு பாக்டீரியாவே ஒரு பிரேக் வெச்சிருக்கு: 1969-ல் ஜெஃப்ரி ராபர்ட்ஸ் கண்டறிந்த 'ரோ' புரதம்.

உள்ளே நுழையும் வைரஸுக்கு இந்த பிரேக் பெரிய தொல்லை. நகல் பாதியில் நின்றால் அதன் மரபணுக்கள் முழுசா வேலை செய்யாது. லாம்டா வைரஸ் என்ன பண்ணுது? 'என்' என்ற புரதத்தை நொதியோடு ஒட்டவிடுகிறது; நிறுத்தக் குறி வந்தாலும் நொதி தாண்டிப் போய்விடும். கூட்டு சேர்வது பாக்டீரியாவின் சொந்த 'நஸ்' புரதங்கள்தான்! தன் ரைபோசோம் ஆர்.என்.ஏ. நகல் தடைபடாமல் இருக்க பாக்டீரியா வைத்திருப்பவை அவை.

பி4 வைரஸ் இன்னும் நேரடி. அதன் பி.எஸ்.யு. புரதம் ரோவையே பிடித்து முடக்கும். ரோ இல்லாமல் ஈ.கோலை பிழைக்காது. புதிய மருந்துக்கு வழி தேடி, ஐதராபாத் சி.டி.எஃப்.டி. மையத்தில் ரஞ்சன் சென் குழு ஆராய்ந்தது இந்தப் புரதத்தைத்தான்.