மலை வடித்த வண்டி

மலையில் ஓட்ட ஸ்னோமொபைல் வாங்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது எஞ்சினைத்தான். எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், டர்போ உண்டா என்று பேச்சு அதையே சுற்றும். விளம்பரங்களும் அந்த ஆவலுக்குத்தான் தீனி போடுகின்றன. ஆனால் ராக்கி மலைகளிலும் அவற்றுக்கு மேற்கே உள்ள தொடர்களிலும் இந்த வண்டி கடந்துவந்த அறுபது ஆண்டுகளை ஊன்றிப் பார்த்தால் வேறொரு கணக்கு கிடைக்கிறது. பனிமேல் எவ்வளவு நீளத்துக்குப் படிகிறது, எவ்வளவு எளிதில் ஒரு பக்கம் சாய்கிறது, ஓட்டுபவர் அதன்மேல் எங்கே நிற்கிறார் என்ற மூன்றுமே மலை வண்டியை மற்ற பனி வண்டிகளிலிருந்து பிரித்தன. இந்த மாற்றங்களில் முக்கியமான சிலவற்றைத் தொடங்கிவைத்தவர்கள் அந்தந்த மலையில் ஓட்டியவர்கள். தொழிற்சாலைகள் பின்னால் வந்தன. ஆகவே தன் ஓட்டத்துக்குப் பொருந்தும் வண்டி எது என்ற கேள்விக்கு விடை விலைப்பட்டியலில் இருப்பதைவிட இந்த வரலாற்றில்தான் தெளிவாக இருக்கிறது என்பது என் கருத்து.

இந்த வண்டி பிறந்தது சமவெளியில். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1937இல் தன் பல்சக்கர, பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் செய்தவை ஏழு பேர், பன்னிரண்டு பேர் அமரும் மூடிய வண்டிகள். மருத்துவரும் அஞ்சல்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றில்தான் போனார்கள். 1940களின் இறுதியில் மாகாண அரசு கிராமச் சாலைகளின் பனியை அகற்றத் தொடங்கியதும் அந்தச் சந்தை சுருங்கியது. 1959இல் ஒருவர் இருவர் மட்டும் ஏறும் இலேசான ஸ்கி-டூ வெளிவந்தது. முதல் ஆண்டில் 225 வண்டிகள் விற்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோசோ என்ற சிற்றூரில் எட்கர் ஹெட்டீனும் கூட்டாளிகளும் நடத்திய பட்டறையில் 1956இலேயே போலாரிஸின் முதல் வண்டி உருவாகியிருந்தது. 1960இல் ஹெட்டீன் அலாஸ்காவில் பெத்தேலிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை ஏறத்தாழ 1,200 மைல் ஓட்டிக் காட்டினார்; பின்னர் போலாரிஸை விட்டு விலகி, ஆர்க்டிக் கேட் ஆன நிறுவனத்தைத் தொடங்கினார். வால்கோரும் ரோசோவும் தாழ்நிலங்கள். உறைந்த ஏரி, பொறி வைத்துப் பிழைப்பவரின் காட்டுத்தடம், பலர் போய்வந்து இறுகிய பாதை ஆகியவையே இந்த வண்டிகளின் உலகம். 1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் களத்தில் இருந்தன, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகள் விற்றன. பெரும்பாலானவை 15 அங்குல அகலப் பட்டையில், இறுகிய பனிக்காகவே செய்யப்பட்டவை.

அதே வண்டி வயோமிங்கிலும் ஐடஹோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் மலையேறியபோது அதன் வடிவமே எதிரியாயிற்று. ராக்கியின் உட்பகுதியில் விழும் பனி உலர்ந்த பொடி. இடுப்பளவு குவிந்திருந்தாலும் அதில் தாங்கும் வலு கிடையாது. வண்டி அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும்வரை மிதக்கும். வேகம் குறைந்து பட்டை வெறுமனே சுழலத் தொடங்கினால் தனக்குக் கீழேயே பள்ளம் தோண்டி அதில் இறங்கிவிடும். இங்கே எஞ்சினை முறுக்க முறுக்கப் பள்ளம்தான் ஆழமாகும். மேற்கத்திய ஓட்டுநர்கள் இதற்குக் கண்ட வழி பட்டையை நீட்டுவது. 121 அங்குலச் சுற்றளவுள்ள பட்டையைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தை வெட்டி நீட்டி, தாங்கு தண்டவாளங்களையும் பின்னுக்கு இழுத்து, நீண்ட பட்டையை ஏற்றினார்கள். பட்டையின் வெளிப்புறத்தில் பனியைப் பிடித்துத் தள்ளும் ரப்பர்த் துடுப்புகளையும் உயர்த்தினார்கள். மேற்கின் ஊர்களில் இருந்த சிறு பட்டறைகளுக்கு இதுவே ஒரு தொழிலாயிற்று. தொழிற்சாலை தந்த வண்டியை வாங்கியவுடன் பிரித்துப்போடுவது வழக்கமாகிவிட்டதென்றால், அந்த வண்டி தவறான நிலத்துக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மிதக்க வேண்டுமென்றால் பட்டையை அகலமாக்கினால் போதாதா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். நீளத்தைக் கூட்டினாலும் அகலத்தைக் கூட்டினாலும் கணக்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட வண்டிகள் இருக்கவும் செய்கின்றன. வடக்கே சுமை இழுக்கும் வேலை வண்டிகளில் 20 அங்குலம், 24 அங்குல அகலப் பட்டைகள் உண்டு. பொடிப்பனியில் அவை அருமையாக மிதக்கும். ஆனால் மலை ஓட்டக்காரர்கள் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. மலை வண்டியின் பட்டை 15, 16 அங்குல அகலத்திலேயே நின்றுவிட்டது, நீளம் மட்டும் 136, 144, 151, 163, 175 என்று வளர்ந்துகொண்டே போனது. இதற்குக் காரணம் சரிவில் குறுக்கே போவது. செங்குத்தான சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது வண்டி தட்டையாக இருந்தால் கீழ்நோக்கி வழுக்கிவிடும். ஓட்டுபவர் அதை மலைப்பக்கமாகச் சாய்த்து, மேற்பக்க ஸ்கீயும் பட்டையின் விளிம்பும் மட்டும் பனியில் பதியுமாறு ஓரத்தில் நிறுத்தி ஓட்ட வேண்டும். அகலப் பட்டை இப்படிச் சாய மறுக்கும். இரண்டு ஸ்கீகளுக்கும் இடையே அகலம் கூடினாலும் அதே கதைதான். பாதை வண்டியில் அந்த இடைவெளி 42 அங்குலத்தை ஒட்டி இருக்கும், ஏனென்றால் வளைவில் கவிழாமல் இருப்பதே அங்கே தேவை. மலை வண்டியில் அது 36 அங்குலம் அளவுக்குக் குறுகியது. பாதையில் நிலைத்தன்மை எனப்படும் அதே குணம் சரிவில் முரண்டாகிவிடுகிறது. மலை வண்டியை வெறும் நீட்டப்பட்ட பாதை வண்டி என்று சொல்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்: சாயவேண்டும் என்பதற்காகவே நிலைத்தன்மையில் ஒரு பகுதியை வேண்டுமென்றே கைவிட்ட வண்டி இது.

தொழிற்சாலைகள் இதை முழுமனதோடு ஏற்றது 1990களில். ஸ்கி-டூவின் சம்மிட், போலாரிஸின் ஆர்எம்கே, யமஹாவின் மவுன்டன் மேக்ஸ் என்று மலைக்கென்றே பெயரிட்ட வரிசைகள் அந்தப் பத்தாண்டில் அடுத்தடுத்து வந்தன. ஆர்எம்கே என்ற சுருக்கத்தின் விரிவே ராக்கி மலை அரசன் என்பதுதான். அப்போது நிறுவனங்கள் இரண்டு வழியிலும் முயன்றன. மூன்று உருளை கொண்ட பெரிய எஞ்சின்களையும் மலை வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். பட்டையை நீட்டியும் எடையைக் குறைத்தும் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் கனமான மூன்று உருளை எஞ்சின்கள் ஒதுங்கி, இரட்டை உருளை எஞ்சின்களே மலையில் நிலைத்தன. அதற்குப் பின் வந்த மாற்றம் இன்னும் பெரிது. பழைய வண்டியில் ஓட்டுபவர் பின்னால் உட்கார்ந்து கால்களை முன்னே நீட்டியிருந்தார். சரிவில் திரும்ப ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி, ஹேண்டில்பாரின் நடுவில் கட்டிய வாரைப் பிடித்து வண்டியைத் தன் பக்கம் இழுப்பார். 2003ஆம் ஆண்டு மாடலாக ஸ்கி-டூ கொண்டுவந்த ரெவ் என்ற சட்டகம் ஓட்டுபவரை முன்னே நகர்த்தி, வண்டியின் எடை மையத்துக்கு அருகில் வைத்தது. மோட்டோகிராஸ் பைக்கில் போல எழுந்து நின்று ஓட்டுவது இயல்பாயிற்று. பந்தயத் தடத்துக்காகப் பிறந்த இந்த வடிவம் ஓராண்டுக்குள் மலை வண்டிக்கும் வந்துவிட்டது. போட்டி நிறுவனங்களும் அதே திசையில்தான் நகர்ந்தன. உடலின் எடையை ஒரு கால்பலகையிலிருந்து மறு கால்பலகைக்கு மாற்றினாலே வண்டி சாயும் என்றான பிறகுதான், நெருங்கிய மரங்களுக்கிடையே புகுந்து வருவது பலருக்கும் கைகூடியது. எஞ்சினில் ஒரு குதிரைத்திறனும் கூடாமல் நடந்த மாற்றம் இது.

எஞ்சினை இவ்வளவு தள்ளி வைப்பது நியாயமா என்ற மறுப்பு வலுவானது. கடல்மட்டத்திலிருந்து உயர உயரக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கிறது. கொலராடோவில் 10,000 அடியில் ஓட்டுபவரின் எஞ்சின் விளம்பரத்தில் சொன்ன திறனில் முப்பது சதவீதத்தை ஏற்கெனவே தொலைத்திருக்கும். கார்புரேட்டர் காலத்தில் உயரத்துக்கேற்ப ஜெட்டை மாற்றாவிட்டால் இன்னும் மோசம். 2020ஆம் ஆண்டு மாடலில் ஸ்கி-டூ தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய 850 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்ததும், இரண்டாண்டில் போலாரிஸ் பின்தொடர்ந்ததும் இந்தத் தேவைக்காகத்தான். திறன் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் திறனை எந்த விலைக்கு மலை ஏற்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு நல்ல சான்று ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினின் கதை. அது அமைதியானது, சிக்கனமானது, புகை குறைவு. பாதை ஓட்டத்தில் அது வேரூன்றிவிட்டது; யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா தூய்மையான, சத்தம் குறைந்த வண்டிகளை மட்டுமே அனுமதிக்கத் தொடங்கிய பிறகு அங்கே ஓடுபவை பெரும்பாலும் அந்த ரகம்தான். பூங்கா எல்லையைத் தாண்டி மலைச்சரிவுகளுக்குப் போனால் டூ-ஸ்ட்ரோக்கே ஆள்கிறது. யமஹா சக்திவாய்ந்த ஃபோர்-ஸ்ட்ரோக் மலை வண்டிகளைச் செய்தது, அவற்றில் டர்போ பொருத்தி நேராக மேலேறுவதை விரும்பியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் எடை காரணமாக அவை மலையில் சிறுபான்மையாகவே இருந்தன. யமஹா 2025 மாடலோடு ஸ்னோமொபைல் தொழிலையே விட்டது. டர்போ மலையில் வென்றதற்குக் காரணமும் அது இலேசான டூ-ஸ்ட்ரோக்கின்மேல், அதிக எடை சேர்க்காமல் வந்ததுதான்.

மலை ஓட்டத்தின் பாணிகள் எல்லாம் விற்பனைக்காகக் கற்பித்த பிரிவுகள் என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே எஞ்சின், ஒரே சட்டகம், ஸ்டிக்கரும் அதிர்வுத் தாங்கியும் மாறினால் புதுப் பெயர், புது விலை என்பது அவர்கள் வாதம். பெயர்களைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. ஆனால் பெயர் வருவதற்கு முன்பே அந்தப் பாணிகள் நிலத்தில் இருந்தன. வயோமிங்கின் ஜாக்சன் நகரில் ஸ்னோ கிங் மலையில் பல பத்தாண்டுகள் நடந்த மலையேற்றப் போட்டி, நேராக மேலே போவதையே ஒரு கலையாக வளர்த்தது. மரங்கள் அடர்ந்த ஐடஹோவில் குறுகிய இடத்தில் திரும்பத் தெரிந்தவரே வீடு திரும்புவார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக், வேல்மவுன்ட் பக்கங்களில் ஒரே மூச்சில் ஏறவேண்டிய நீண்ட சரிவுகள் உண்டு. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் பனி ஈரமும் கனமுமாக இருப்பதால், ஆழ்பொடிக்கென்று செய்த மிக நீண்ட பட்டைக்கு அங்கே அவ்வளவு வேலை இல்லை. நீண்ட ஏற்றத்துக்கு 165 அங்குலமும் அதற்கு மேலும், காட்டுக்குள் திரும்ப 154ஐ ஒட்டி, முகடுகளிலிருந்து குதித்து விளையாட 146 என்று இன்று கடையில் சொல்லப்படும் கணக்கு இந்த நிலங்களின் கணக்குதான். கைதேர்ந்தவர் எந்த வண்டியையும் ஓட்டுவார் என்பதும் உண்மையே. ஆனால் பெரும்பாலான வாங்குபவர்கள் கைதேர்ந்தவர்கள் அல்லர். தன் நிலத்துக்கும் தன் உடல் எடைக்கும் பொருந்தாத வண்டியோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிக் களைத்தவர் மாலையில்தான் தவறான முடிவுகளை எடுக்கிறார்.

வண்டியின் திறன் கூடியதால் ஓட்டுபவர் ஆபத்தான இடங்களுக்குப் போகிறார் என்ற குற்றச்சாட்டை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் தொடங்குகின்றன. நீண்ட பட்டை வண்டிக்கு எட்டியவை அதே சரிவுகள். 2008 டிசம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி அருகே ஸ்பார்வுட் ஊரைச் சேர்ந்த எட்டுப் பேர் அடுத்தடுத்து வந்த பனிச்சரிவுகளில் இறந்தார்கள். 2010 மார்ச்சில் ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில், ஏற்றம் பார்க்கக் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் மேலேயே பனி சரிந்து இருவர் உயிரிழந்தனர், முப்பது பேரளவில் காயமடைந்தனர். சரிவில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும், மற்றவர்கள் பனி வந்து விழக்கூடிய இடத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற விதி எந்த எஞ்சினையும்விட மூத்த அறிவு. நேராக மேலேறுவதற்கென்றே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பவர், அந்தச் சரிவுகளைப் படிக்கும் பொறுப்பையும் ஏற்றே ஆக வேண்டும். உடன் வருபவர்களுக்கும் தேடுகருவியும் மண்வாரியும் நீள்குச்சியும் பயிற்சியும் வண்டி வாங்கும் செலவோடு சேர்ந்தவை.

பட்டை நீண்டுகொண்டே போவதுதான் இந்த வண்டியின் போக்கு என்று முடிவுகட்டவும் முடியாது. துடுப்புகள் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இருந்து இரண்டரை, மூன்று அங்குலம்வரை உயர்ந்துவிட்டன. சட்டகத்தில் அலுமினியத்தோடு கார்பன் இழையும் புகுந்ததால், பெட்ரோலும் எண்ணெயும் ஊற்றாத நிலையில் எடை 200 கிலோவை ஒட்டி வந்துவிட்டது. இதனால் முன்பு நீண்ட பட்டை மட்டுமே மிதந்த பனியில் இன்று 146, 154 அங்குல வண்டிகளும் மிதக்கின்றன. நிறுவனங்களும் ஒரே எஞ்சினோடு மூன்று நான்கு நீளங்களைத் தருகின்றன. ஐடஹோ காடுகளில் திரும்பித் திரும்பி ஓட்டும் இலேசான உடல்வாகு கொண்டவர் நீளம் குறைந்ததை எடுக்கிறார், கனத்தவரோ முதுகில் மூட்டையோடு நீண்ட ஏற்றத்துக்குப் போகிறவரோ நீளமானதை எடுக்கிறார்.