பொன்னர் சங்கர்: ஒரு மாயக்கதையின் மலையகப் பாடம்

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத் தோட்டங்களின் முக்கிய கூத்துகள். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இவற்றைத் தம்மோடு கொண்டுவந்தனர். பொன்னர் சங்கர், கொங்கு நாட்டில் உடுக்கடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதை. கொம்பன் என்ற ராட்சதப் பன்றி வரும். படுகளத்தில் மாண்ட அண்ணன்மாரைத் தங்கை தங்காள் எழுப்புவாள்.

கொங்குப் பாடலை 1965இல் கனேடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தார். பின்னர் 26 பகுதி அனிமேஷன் தொடராக்கினார். மு. கருணாநிதி நாவலாக எழுத, 2011இல் திரைப்படமும் வந்தது.

நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் ஆடப்படும் பாடம் கூத்து வாத்தியார்களின் நினைவில் வாழ்கிறது. அவர்கள் மறைந்தால் நாவலும் தொடரும் அதை மீட்டுத் தராது. அவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்ய வேண்டும்.