சென்னைப் பிரகடனம்

ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்க மறுக்கும் சிக்கலைச் சமாளிக்க, இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் கூடி வகுத்த செயல்திட்டம். முன்னின்று நடத்தியவர் சென்னை தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். 2010-இல் 'லான்செட்' குழும இதழில் வந்த என்டிஎம்-1 ஆய்வு, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அந்த எதிர்ப்பு மரபணுவைக் காட்டியிருந்தது.

டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதை ஒரே நாளில் தடுத்தால் டாக்டரே இல்லாத கிராமங்கள் தவிக்கும். ஆகவே கடும் மருந்துகளில் தொடங்கிப் படிப்படியாகக் கட்டுப்படுத்தச் சொன்னது பிரகடனம். அதன் பெரும்பலம் இந்த நிதானமே. 2014 மார்ச்சில், இத்தகைய கடும் மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதன்படி மருந்துக்கடைக்காரர் டாக்டர், நோயாளி பெயர்களையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டு காக்க வேண்டும்.

கிருமிக்கு மனிதர், கால்நடை என்ற பேதமில்லை. கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினைக் கோழித்தீவனத்தில் கலந்தது பெருங்கேடு. உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு அதைத் தருவதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடைசெய்தது.