பின்னணிச் செயலிகளின் வரலாறு

பயனர் ஒரு செயலியை விட்டு வெளியேறிய பிறகு அதை என்ன செய்வது என்பதற்குக் கையடக்கக் கருவிகளின் இயங்குதளங்கள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை கண்டன. 1996-இல் வந்த பாம் பைலட் 1000 கருவியின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. அதில் ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் ஓடும். அடுத்ததைத் திறந்தால் முந்தையது தன் தரவைச் சேமித்துவிட்டு முடிந்துவிடும். நோக்கியா கைபேசிகளில் பரவிய சிம்பியன் இதற்கு நேர்மாறு. பல செயலிகள் ஒருசேர ஓடின. நினைவகம் நிரம்பினால் வேண்டாதவற்றை மூடுவது பெரும்பாலும் பயனரின் வேலையாக இருந்தது.

2008-இல் இரண்டு புதிய வழிகள் பிறந்தன. அந்த ஆண்டு ஜூலையில் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டபோது, பிற நிறுவனங்களின் செயலிகள் ஐபோனின் பின்னணியில் ஓட அனுமதி இல்லை. இந்தக் குறையை ஈடுகட்ட 2009-இல் புஷ் அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு செயலியும் தன் சர்வரைத் தனித்தனியே விசாரிக்காமல், ஆப்பிள் சர்வருடனான ஒரே இணைப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. 2010-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 4, பாட்டு, இணைய அழைப்பு, இருப்பிடம் அறிதல் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் பின்னணியில் இடம் கொடுத்தது. மற்ற செயலிகள் இயக்கம் நிறுத்தப்பட்டு நினைவகத்தில் காத்திருந்தன.

இரண்டாவது வழியான ஆண்ட்ராய்டு தொடக்கத்திலிருந்தே பின்னணி இயக்கத்தை அனுமதித்தது. அதன் முதல் கைபேசியான எச்டிசி ட்ரீமின் ரேம் 192 மெகாபைட். வெளியேறிய செயலியின் புராசஸ் (ஓடும் வடிவம்), மறுபடி விரைவாகத் திறப்பதற்காக ரேமிலேயே விட்டுவைக்கப்பட்டது. இடம் போதாதபோது, ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கர்னலில் சேர்க்கப்பட்ட ‘லோ மெமரி கில்லர்’ முக்கியத்துவம் குறைந்ததை முதலில் நீக்கியது. திரையில் இருப்பது, பின்னணிச் சேவை நடத்துவது, சும்மா கிடப்பது என இறங்கியது அந்த வரிசை. நீக்கப்பட்ட செயலி விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், அதன் நிலையை முன்கூட்டியே சேமிக்கும்படி நிரல் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ரேம் பெருகியதும் தட்டுப்பாடு பேட்டரியின் பக்கம் திரும்பியது. அசையாமல் கிடக்கும் புராசஸ் மின்சாரத்தை வீணாக்குவதில்லை. உறங்கும் கருவியை அடிக்கடி எழுப்பி இணையத்தைத் தொடும் செயலிதான் வீணாக்குகிறது. 2013-இல் ஐஓஎஸ் 7, பயனரின் பழக்கத்தைக் கவனித்துச் செயலிகளைப் புதுப்பிக்கும் நேரத்தைத் தீர்மானித்தது. 2014-இல் ஆண்ட்ராய்டு 5, சிதறிய வேலைகளை ஒன்றுசேர்த்து நடத்தும் ‘ஜாப் ஷெட்யூலர்’ வசதியைத் தந்தது. 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இல் வந்த ‘டோஸ்’, சார்ஜரில் செருகாமல், திரை அணைந்து, அசைவின்றிக் கிடக்கும் கைபேசியில் இணையத் தொடர்பை இடைவெளி விட்டே அனுமதித்தது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8, பின்னணிச் சேவைகளைச் சில நிமிடங்களில் நிறுத்தியது. தொடர்ந்து ஓட விரும்பும் சேவை பயனருக்குத் தெரியும்படி அறிவிப்புக் காட்ட வேண்டியதாயிற்று. 2018-இல் ஆண்ட்ராய்டு 9, பயன்பாட்டை வைத்துச் செயலிகளைப் பல தரங்களாகப் பிரித்தது. பிந்தைய பதிப்புகள் சும்மா கிடக்கும் புராசஸை ரேமில் வைத்தபடியே உறையச் செய்து, சிபியூவைத் தொடவிடாமல் தடுக்கின்றன.

சில தயாரிப்பாளர்கள் தங்கள் கைபேசிகளில் இதைவிடக் கடுமையான விதிகளைச் சேர்த்ததால், அலாரம் அடிக்காததும் செய்தி தாமதமாக வருவதும் நேர்ந்தன. மற்றபடி, செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடும் பழக்கத்தால் பேட்டரி மிச்சமாவதில்லை. மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கக் கூடுதல் மின்சாரம்தான் செலவாகும். முடங்கிப்போன செயலியை மட்டும் மூடினால் போதும்.